ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கப்போகும் கேள்வி

பாபுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, தாம்பரம் வந்து வீடு சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரத்துக்கு ஒரு பெண் வருவார். ஊனமுற்றவர்களின் உடல்நலம் பற்றியும், அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பராமரிப்பு பற்றியும் அரசாங்கம் ஓர் ஆய்வு நடத்துகிறது. அதற்காக சேலையூர், படப்பை, பள்ளிக்கரணை என்று இந்தப் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பவர் அவர். எங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டார். உன்னிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். எங்களுக்குப் பிறகு உன் அக்காவை யார் பார்த்துக்கொள்வார்கள்? இத்தனை நாள் நீ சொல்லி வந்த பதிலைச் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவனிடம், கல்யாணம் முடிந்த கையோடு மனைவியுடன் அமெரிக்கா போகப்போகிறவனிடம், இதைப் பேச இதுவா நேரம் என்று உன் அம்மா கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் இந்த வீட்டில் இதைப் பேச ஒரு நேரமும் அமைந்ததில்லை. இந்தக் கடிதத்தை, நான் நிருபராக இருந்த பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். அச்சில் வருவதற்கு முன்பே கையெழுத்துப் பிரதி உனக்கு வந்துவிடும். ஊருக்குத் தெரிய எழுதுவதற்குக் காரணம், அந்தப் பெண் உன்னிடம் கேட்கப்போவதை இன்னும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தம்பிகளிடமும் தங்கைகளிடமும் கேட்கப்போகிறார். அவர்களுடைய அப்பாக்கள் எழுதுகிறவர்களாக இல்லாமல் இருக்கலாம்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் படிப்பதால். சுமதிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பிறந்தபோது அழத் தாமதமானது. அந்தச் சில நிமிடங்களில் மூளைக்குப் போகாத காற்றுக்கு அவள் உடம்பு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடக்க முடியாது, தானாக உட்கார முடியாது, விரல்கள் மடங்கியே இருக்கும். சொற்கள் குறைவு. ஒவ்வொன்றும் கழுத்து நீண்டு, தாடை ஒரு பக்கம் இழுத்து, வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வரும். ஆனால் எல்லாம் புரியும். டி.வி. தொடரில் மாமியார் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பாள். உப்புமா என்று தெரிந்தால் வாயைத் திறக்க மாட்டாள். நீ போன் செய்தால், ரிசீவரை நான் அவள் காதில் வைப்பதற்குள்ளேயே உன் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருப்பாள். நீ 'வெச்சிடட்டுமாக்கா' என்று கேட்கும்போதுதான் அந்தப் பெயர் முழுதாக வந்து சேரும்.

உனக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில் அம்மாவுக்குக் கால் சுளுக்கு என்று போனில் சொன்னோமே, அது சுளுக்கு இல்லை. குளியலறையில் சுமதியைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கும்போது அம்மா வழுக்கி விழுந்தாள். அவள்மேல் சுமதி விழுந்தாள். மகளுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லாதபடி தாங்கியதில் அம்மாவின் இடுப்பு போயிற்று. டாக்டர் இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். "கனம் இல்ல டாக்டர், பொண்ணுதான்" என்றாள் அம்மா. அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும், பிறகு மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கல்யாணம் முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போடுகிறாள். கல்யாணம் முடிந்தாலும் தள்ளிப்போடுவாள். அவள் படுத்தால் சுமதிக்கு யார்?

இப்போது தூக்குவது நான். எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒருநாள் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் முடியாமல் போய் அவளை மெதுவாகத் தரையில் இறக்கி, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்படி எழுந்திருப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குளிப்பாட்டுவது இன்னும் அம்மாதான், ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடி. நான் வாளியை வைக்கப் போகும்போது சுமதி கண்களை இறுக மூடிக்கொள்வாள். அவள் என்னைப் பார்க்காவிட்டால் நானும் அவளைப் பார்க்க முடியாது என்று ஒரு கணக்கு. அவளுக்கு வெட்கம் உண்டு, பாபு. அவளை அந்நியர்கள் கையில் விடுவதைப் பற்றி யோசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூடிய கண்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

ஆனாலும் யோசித்தேன். படப்பை தாண்டி உள்ளே ஒரு தனியார் விடுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, உன் அம்மாவிடம் வேறு வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். சுத்தமான இடம். வேப்பமரத்தடியில் சில பெண்கள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பேன் வராமல் இருக்க எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பொண்ணு தானா பாத்ரூம் போவாங்களா சார்?" போக மாட்டாள் என்றேன். "தானா சாப்பிடுவாங்களா?" மாட்டாள். "அப்படின்னா கஷ்டம் சார். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்கறவங்களைத்தான் நாங்க வெச்சுக்கறோம். ஆள் பத்தல." அப்படிப்பட்டவளாக இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்?  அவர் சொன்னது பொய்யில்லை. அவரிடம் ஆள் பற்றாக்குறை என்பது கண்ணுக்கே தெரிந்தது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் இந்த ஆய்வு வந்தது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, கேம்ப் ரோடு முனையில் இறங்கி, வெயிலில் வீடு தேடி, வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். உன் அம்மா காலையிலிருந்தே தயாராக இருந்தாள். சுமதிக்குத் தலைக்கு ஊற்றி, பின்னிப் பூ வைத்து, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டு, முகத்துக்குப் பவுடர் அடித்து, தலையணைகளை முட்டுக் கொடுத்து நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்வார்களே, அதே மாதிரி. உன் அக்காவை யாரும் அப்படிப் பார்க்க வந்ததில்லை என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். நம் வீட்டுக்கு எந்த அதிகாரி வந்தாலும் அம்மா இப்படித்தான் செய்வாள். பிள்ளையை நன்றாக வைத்திருக்கிறோம் என்று காட்டுவது அவளுக்கு மானப் பிரச்சினை.

"தானா சாப்பிடுவாங்களாம்மா?" என்று அந்தப் பெண் ஆரம்பித்தார்.

"நல்லா சாப்பிடுவா. வாயில வெச்சா போதும், அடம் பிடிக்கவே மாட்டா. உப்புமா மட்டும்தான் ஆகாது."

"குளிக்கறதும்மா?"

"தினம் ரெண்டு வேளை. காய்ச்சல் வந்தாத்தான் நிறுத்துவேன்."

"இல்லம்மா, அவங்களா குளிப்பாங்களான்னு கேக்கறேன்."

"அவளா எப்படிம்மா குளிப்பா? நான் எதுக்கு இருக்கேன்?"

"அப்ப உதவி தேவைன்னு போட்டுக்கட்டுமா?"

"உதவியெல்லாம் நாங்க யார்கிட்டயும் கேட்டதில்லையேம்மா. வேணும்னா இவரைக் கேளுங்க."

நான் வாயைத் திறந்து, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், எல்லா வேளைக்கும் வேண்டும், இவளுக்கே இடுப்பு முடியவில்லை என்று சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஊர்ல உள்ளவங்களையெல்லாம் பேட்டி எடுத்தவரு. நம்ம வூட்டைப் பத்திப் பேட்டி குடுக்கத் தெரியுதா பாரு" என்றாள் சுமதியிடம். சுமதி சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஏற்கனவே எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தியதைப் பார்த்தேன். அதுவரை சரி. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம் யாரும்மா?

"தம்பி இருக்கானே" என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை. இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை.  அவர் டிக் அடித்துக்கொண்டார்.

வாசல்வரை கூடப் போனேன். அந்த டிக் மேலே போகும்போது என்னவாகும் என்று கேட்டேன். எழுதியது எங்கே போய் என்னவாகிறது என்று கேட்பது என் தொழில் பழக்கம்.  "குடும்பத்துல பாத்துக்க ஆள் இருக்குன்னு போயிடும் சார். நான் போன எல்லா வீட்லயும் இதே பதில்தான். தம்பி இருக்கான், தங்கச்சி இருக்கா, அண்ணன் பொண்ணு இருக்கு. யாரும் இல்லன்னு ஒருத்தர் வாயிலயும் வரமாட்டேங்குது. அப்புறம் விடுதி வேணும், வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆள் வேணும்னு நாங்க எழுதினா மேல கேக்க மாட்டாங்களா? எல்லா வீட்லயும் ஆள் இருக்கே, நீங்க யாருக்காகக் கேக்கறீங்கன்னு?" பிறகு செருப்பை மாட்டியபடி சொன்னார்: "ஆனா பேனாவை மூடி உள்ள வெச்சதும் எல்லா அம்மாவும் வாசல் வரைக்கும் வந்து ஒண்ணு சொல்றாங்க சார். அதை எழுத இடமே இல்ல." என்ன என்று கேட்டேன். "வேணாம் சார், உங்க வீட்டம்மா சொல்லல. விடுங்க."

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். உன் அம்மா அதை வாசலில் நின்று சொல்ல மாட்டாள். அடுப்படியில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொல்வாள். "எனக்கு முன்னாடி அவ போயிடணும்." முதல்முறை கேட்டபோது அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.  இப்போதெல்லாம் கோயிலில் அவள் கண்ணை மூடி நிற்கும்போது என்ன கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டே நானும் பக்கத்தில் கண்ணை மூடி நிற்கிறேன். நீண்டகாலப் பராமரிப்பு என்று அந்தக் கேள்வித்தாளில் அச்சடித்திருந்தது. அதற்கு நம் வீட்டில் இருக்கும் ஒரே திட்டம் இதுதான், பாபு. நம் பிள்ளை நமக்கு முன்னால் செத்துவிட வேண்டும் என்பது. இரண்டு வேளை குளிப்பாட்டி, பூ வைத்து, உப்புமா பிடிக்காது என்று இட்லி ஊற்றிக் கொடுக்கிற கைதான் அதையும் கேட்டுக் கும்பிடுகிறது.

பார்த்துக்கொள்வார் என்று இப்படிப் பேர் சொல்லப்பட்டவர்களைச் சில வீடுகளில் தனியாக விசாரிக்கப் போகிறார்களாம். நம் வீடு அதில் வந்திருக்கிறது. நீ எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் கூட இருக்கக் கூடாது, அது விதி.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். 'நான் இருக்கேன்' என்பாய். ஏனென்றால் அதை நாங்கள்தான் உனக்குப் பழக்கினோம். நீ யூ.கே.ஜி. படிக்கும்போதிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்து முடித்ததும் சுமதியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சைச் சமாளிக்க எங்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. "டேய், அக்காவை யாருடா பாத்துப்பா?" என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்போம். நீ நெஞ்சில் கையை வைத்து, "நான்" என்பாய். "ஆம்பள சிங்கம்டா" என்று சொல்லி உனக்கு ஒரு முறுக்கு கொடுப்பார்கள். எல்லோருக்கும் மனசு லேசாகிவிடும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, விருந்தாளி காபி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டாலே நீ மாடிக்குப் போய்விடுவாய். நாங்கள் கீழே வரச் சொல்லிக் கூப்பிடுவோம். நீயும் வருவாய். உன்னோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் புனேவுக்கும் போனபோது நீ பக்கத்திலேயே வேலை தேடி, பள்ளிக்கரணை வழியாக ஆபீசுக்கு வண்டியில் போய் வந்ததும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தபோது எங்களிடம் மன்னிப்புக் கேட்பவன் போலச் சொன்னாய். இப்போது அமெரிக்கா. "ரெண்டு வருஷம்தான்பா, வந்துடுவேன்" என்கிறாய். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பெற்றோரைப் பார்த்து எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. போ. போகத்தான் வேண்டும்.

உன் மாமனார் முதல்முறை நம் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? ரொம்பத் தயங்கி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "பெரிய பொண்ணு... யார் கூட இருக்கும்?" என்று. "எங்க கூடத்தான் இருப்பா. உங்க பொண்ணுக்கு ஒரு கஷ்டமும் வராது, நான் இருக்கேன்" என்றாள் உன் அம்மா. அதே கூடம், அதே அம்மா. சம்பந்திக்கு ஒரு பதில், அரசாங்கத்துக்கு ஒரு பதில். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. இரண்டு முறையும் மனதார உண்மையைத்தான் சொன்னாள். ஒரே ஆள் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால், அங்கே பதிலே இல்லை என்று அர்த்தம். அதை நான் எத்தனையோ பேர் விஷயத்தில் கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "என் புள்ள வாயால முடியாதுன்னு சொல்ல வைக்கப் போறீங்களா? அதுவும் கல்யாண வூட்டுல? சுமி கேட்டுட்டு இருப்பாளே" என்றாள். அதனால் ஏதாவது நடக்கலாமே, வீட்டுக்கு ஆள் அனுப்பும் திட்டம் வரலாமே என்றேன். "எப்போ? நான் செத்ததுக்கு அப்புறமா? கட்டம் கட்டமா டிக் போட்டுக்கட்டும். கவர்மெண்டு வந்து என் பொண்ணுக்குக் கால் கழுவி விடுமா?" என்றாள்.  ஆய்வுகள் எத்தனையோ வந்து, அறிக்கையாகி, அலமாரிக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படியே போகலாம். போகும் என்றுதான் ஒரு மனம் சொல்கிறது. ஆனாலும் அந்த அறிக்கையில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது என்று எழுதப்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு கேட்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது. நம்முடைய மானமும் பாசமும் சேர்ந்து சுமதிக்குச் செய்யப்போகிற கடைசிக் காரியம் அதுவாக இருக்கக் கூடாது.

ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொடுத்து அனுப்புவது தவறு என்று தெரிந்த தொழிலில் இருந்தவன் நான். சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் முன்பு சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். முடியும் என்றால் சொல், ஆனால் எப்படி என்றும் சொல். எந்த ஊரில், எந்த அறையில், அவளை யார் தூக்குவார்கள், யார் குளிப்பாட்டுவார்கள் என்று சொல். அதற்கு முன்னால் உன் மனைவியாக வரப்போகிறவளிடம் கேட்டுவிட்டுச் சொல். அவள் கேட்கும்போதெல்லாம் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்லாதே. இந்தக் குடும்பம் அந்த 'அப்புறம்' என்பதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டது. முடியாது என்றால் முடியாது என்று சொல். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் வராது. பயம் வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் கல்யாணப் பத்திரிகை கொடுக்க எங்காவது போய்விடுவேன். சுமதி வீட்டில்தான் இருப்பாள். விதியில் அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்ப் பேசாதே. சுமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பேசு.

ஏன் என்றால், நேற்று ஒன்று செய்தேன். இத்தனை பேரிடம் கேட்கிறார்களே, அவளிடம் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். அம்மாவும் நானும் இல்லாமல் போனால் நீ எங்கே இருக்க வேண்டும், சுமி? தம்பி வீட்டிலா? நிறையப் பேர் இருக்கிற ஒரு இடத்திலா? அவள் கழுத்து நீண்டது. தாடை இழுத்தது. வெகுநேரம் ஆயிற்று. அவசரப்படுத்தவில்லை. "இங்க" என்றாள்.

இங்கே என்றால் இந்த வீட்டிலா என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்று அர்த்தம்.

யார் கூட என்று கேட்டேன். அதற்கு அவள் முயற்சி செய்தாள், பாபு. உதடு கூடியது, பிரிந்தது. மறுபடி கூடியது. அம்மா என்று வரப்போகிறதா, உன் பெயரா, என் பெயரா என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் முயற்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சொல்லத் தெரியாமல் நிறுத்தவில்லை. சொல்ல யாரும் இல்லை என்று கண்டுகொண்டு நிறுத்தினாள்.

எங்கள் எல்லோரிலும் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாததை நீ ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. பயப்படாமல் சொல்.

அப்பா